கடலடியில் கிடந்த சாட்சி

வேலம்பாளையத்தில் ஜெயபாண்டியை ‘ரோபோ பாண்டி’ என்றுதான் சொல்வார்கள். முதல் மூன்று வருடம் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். அப்புறம் அதே பெயரை வாயைக் கோணிக்கொண்டு சொன்னார்கள்.

அவனுடைய அப்பா தவசியும் அம்மா ராக்கம்மாளும் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். தவசி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ராக்கம்மாள் அதே கம்பெனியில் செக்கிங். முத்தாத்தாள் என்ற தோட்டத்துக்காரம்மாவுக்குச் சொந்தமான, ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். ஜெயபாண்டி நடை பழகியது அந்த வாசலில்தான். முத்தாத்தாளின் ஒரே மகன் திருமூர்த்தி. ஜெயபாண்டியைவிட ஆறேழு வயது மூத்தவன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கச் சொன்னது, படித்து முடித்ததும் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனியில் மெஷின் மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டது எல்லாம் அவன்தான்.

திருமூர்த்தி என்ஜினியரிங் முடித்து, சென்னையில் கடலடியை அளந்து கொடுக்கிற ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்திருந்தான். கடலுக்கடியில் எரிவாயுக் குழாய் போடுகிறவர்களுக்கு, குழாய் போகிற பாதையில் பள்ளமா, பாறையா, சேறா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். மனிதன் இறங்க முடியாத ஆழம் அது. அதனால் ரோபோவை இறக்கிப் பார்ப்பார்கள். 2003இல் அந்தக் கம்பெனிக்கு மெஷின் தெரிந்த பையன் ஒருவன் தேவைப்பட்டபோது திருமூர்த்தி ஊருக்கு போன் போட்டான்.

“பாண்டி, பொட்டியக் கட்டிக்கிட்டு வா கண்ணு. பனியன் மெஷினையே எத்தன நாளைக்குக் கொடஞ்சுட்டிருப்ப?”

ஜெயபாண்டி அதற்கு முன் கடலை ராமேஸ்வரத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. கப்பலில் முதல் வாரம் முழுவதும் வாந்தி எடுத்தான். இரண்டாவது வாரத்தில் ரோபோவைத் தொட விட்டார்கள். மாருதி வேன் அளவுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு இரும்புச் சட்டம். முன்னால் கேமராக்கள், விளக்குகள், இரண்டு கைகள். உடம்பு முழுக்கக் காற்றாடி மாதிரி உந்திகள். அதை ஒரு கூண்டுக்குள் வைத்து, எஃகுக் கம்பி சுற்றிய தடித்த கேபிளில் கட்டி, வின்ச் என்கிற உருளை இயந்திரத்தை வைத்து ஆழத்துக்கு இறக்குவார்கள். அடியை நெருங்கியதும் ரோபோ கூண்டை விட்டு வெளியே நீந்தும். கூண்டுக்கும் அதற்கும் நடுவே பெருவிரல் தடிமனில் இன்னொரு கேபிள். மின்சாரம் போவதும் படம் வருவதும் அந்த ஒரு கேபிள் வழியாகத்தான். மேலே கப்பல் தளத்தில், ஒரு கன்டெய்னர் அறைக்குள் உட்கார்ந்து, கைப்பிடியை அசைத்து அதை ஓட்ட வேண்டும்.

ஓட்டுகிற வேலைக்கு ஜெயபாண்டியின் கை இயல்பாகப் பொருந்திவிட்டது. ஒரே வருடத்தில் அவனைப் பைலட் ஆக்கினார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கதை கேட்க லைன் வீட்டு வாசலில் ஆள் கூடிவிடும்.

“எரநூறு மீட்டர் தாண்டுனா சூரியன் கெடையாது. நாம கொண்டுபோற லைட்டுதான். அதுவும் பத்தடி, பதினஞ்சடிதான் தெரியும். செல்போன் மாதிரி சிக்னல் எதுவும் தண்ணிக்குள்ள போகாது. சத்தம் மட்டுந்தான் போகும். சத்தத்த அனுப்பி, அது திரும்பி வர்றத வெச்சுத்தான் ரோபோ எங்க இருக்குதுன்னே கண்டுபிடிக்கணும்.”

ஒரு தடவை அம்மாவுக்கு ஒரு தெர்மாகோல் டம்ளர் கொண்டுவந்தான். குங்குமச் சிமிழ் அளவுதான் இருந்தது. டீ குடிக்கிற டம்ளர்தான் அது. கூண்டில் கட்டி இறக்கியதில் தண்ணீரின் அழுத்தம் அதை நசுக்கி அப்படி ஆக்கிவிட்டது. நகத்தளவு இடத்தின் மேல் இரண்டு சிமென்ட் மூட்டையை வைத்தால் எப்படியோ அப்படி என்று அவன் சொன்னபோது, ராக்கம்மாள், “அத்தன பாரத்துக்குள்ள என்னத்துக்குய்யா போறீக?” என்று கேட்டாள். அவன் சிரித்தான். அவன் போவதில்லை, ரோபோதான் போகிறது என்று அவளுக்குப் புரிய வைக்கப் பல விடுமுறைகள் ஆயின.

2006 மார்ச்சில் காக்கிநாடாவுக்குக் கிழக்கே நடுக்கடலில் வேலை. ஆழம் ஆயிரத்து இருநூறு மீட்டர். திருமூர்த்திதான் கப்பலில் மேற்பார்வையாளர். பாதையை எல்லாம் படம் பிடித்தாயிற்று. கடைசியாக ஓரிடத்தில் மண் மாதிரி மட்டும் எடுக்க வேண்டும்.

அன்று காலை ரோபோவைச் சோதிக்கும்போது ஜெயபாண்டிக்கு ஒரு அளவு சரியாகப் படவில்லை. கேபிள் ரோபோவோடு வந்து சேருகிற இடத்தில் ஒரு இணைப்புப் பெட்டி இருக்கும். உள்ளே எண்ணெய் நிரப்பி, பிசின் ஊற்றி, சொட்டுத் தண்ணீர்கூடப் புகாதபடி நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதற்குள் மின்கசிவு இருக்கிற மாதிரி மீட்டர் காட்டியது. தளத்தில் வின்ச் பக்கத்தில் நின்றிருந்த திருமூர்த்தியிடம் போனான்.

“அண்ணா, ரீடிங் எறங்குதுங்க. பெட்டிக்குள்ள உப்புத்தண்ணி பூந்திருக்கும்னு தோணுது. கழட்டிட்டுப் புதுசா இணைச்சுறலாங்க.”

“எத்தன நேரமாகும்?”

“பிசின் எறுகணுமுங்ணா. நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்.”

திருமூர்த்தி வானத்தைப் பார்த்தான். “நாளைக்குக் காத்து தூக்குமுன்னு சொல்றாங்க கண்ணு. இன்னைக்கு உட்டா ஒரு வாரம் போயிரும். ஒரே ஒரு தடவ எறக்கி மண்ண எடுத்துட்டு வந்துரு. ஏதாச்சுமுன்னா நான் பாத்துக்கறேன். என்ர பொறுப்பு.”

சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருவதாகச் சொன்னால் சின்னப் பையன் எப்படி நம்புவானோ, அப்படித்தான் நம்பினான்.

ரோபோ இறங்கியது. மண்ணையும் எடுத்தது. கூண்டுக்குத் திரும்புகிற வழியில் திரையில் ஒரு கோடு ஓடியது, பிறகு எல்லாப் படமும் ஒரே நொடியில் இருண்டுபோனது. சாதாரணமாக அந்த ரோபோ மின்சாரம் போனாலும் மெல்ல மேலே மிதக்கும், அப்படித்தான் செய்திருப்பார்கள். அன்று அதன் வயிற்றுக்கடியில் மண் நிறைந்த கனத்த பெட்டி. மிதக்க முடியாமல் கேபிளில் தொங்கியது. வின்ச் ஓட்டுகிற கன்னையனிடம், “மெதுவா, மெதுவா” என்று ஜெயபாண்டி மைக்கில் சொல்லிக்கொண்டேயிருந்தான். கொஞ்ச தூரம் வந்தது. பிறகு வின்ச்சில் பாரம் சட்டென்று குறைந்தது. கூண்டு மேலே வந்தபோது கேபிளின் பிய்ந்த நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

காற்றும் தூக்கிவிட்டது. கப்பல் கரைக்குத் திரும்பியது. ரோபோவில் இருந்த ஒலிக்கருவி சில நாட்கள் கூப்பிட்டிருக்கும். கேட்க யாரும் அங்கில்லை.

சென்னை அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். நீள மேசை. கம்பெனியின் பெரிய ஆட்கள் ஒரு பக்கம், கப்பலில் இருந்தவர்கள் மறுபக்கம். திருமூர்த்தி முதலில் பேசினான்.

“ரோபோல ஒரு குறையும் இல்லைங்க சார். கரன்ட் ட்ரிப் ஆச்சு, அவ்வளவுதான். மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம், பொறுன்னு சொன்னேன். பையன் பயந்துட்டான். வேகமா இழுக்கச் சொல்லி வின்ச்சுக்கு ஆர்டர் குடுத்துட்டான். நல்ல கேபிள் அந்த வெட்டு இழுப்புல பிஞ்சு போச்சு.”

ஜெயபாண்டிக்கு முதலில் அது வேறு யாரையோ பற்றிய பேச்சு மாதிரி இருந்தது. திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்தான். திருமூர்த்தி காபிக் கோப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தான்.

“பெட்டியில கோளாறுன்னு காலையிலயே சொன்னேனுங்க சார்” என்றான் ஜெயபாண்டி.

“யாரிடம் சொன்னீர்கள்?” என்றார் ஓர் அதிகாரி.

“அண்ணாகிட்டத்தானுங்க.”

“எங்கிட்ட எதுவும் சொல்லலைங்க சார்” என்றான் திருமூர்த்தி.

அன்று காலை வின்ச் பக்கத்தில் இருந்த கன்னையனைக் கேட்டார்கள். காவிரிக்கரைக்காரன், ஒப்பந்தத் தொழிலாளி, இரண்டு பெண் குழந்தைகள். “மெஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழலைங்க” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பெட்டியைத் திறந்து, உள்ளே மின்கசிவில் எரிந்த தடம் இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும். பெட்டி ரோபோவோடு கடலடியில் கிடந்தது. அன்றைக்கே ஜெயபாண்டியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஊருக்கு வந்தவன், மெஷின் தொலைந்துபோனது, வேலை போய்விட்டது என்று மட்டும் வீட்டில் சொன்னான். திருமூர்த்தி பெயரை எடுக்கவில்லை. முத்தாத்தாள் வீட்டு வாசலில் இருந்துகொண்டு அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? அதைவிட, ராக்கம்மாள் தினமும் விளக்கு வைக்கும்போது, “அந்தப் புள்ள திருமூர்த்தி நல்லாருக்கணும்” என்று சேர்த்துக்கொள்வாள். அதைக் கேட்டுக்கொண்டு அவன் சோறு தின்ன வேண்டியிருந்தது. பழைய நிட்டிங் கம்பெனியிலேயே மறுபடி மெக்கானிக்காகச் சேர்ந்தான். ஊசி மாற்றக் குனிந்தால், “பாத்துங்க ரோபோ பாண்டி, இதையும் தொலச்சுறாதீங்க” என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள். சிரிப்பு எழும்.

அவனுக்குக் கோபம் வந்ததா என்றால், உடனே வரவில்லை. முதலில் வந்தது சந்தேகம். ஒருவேளை தான்தான் சத்தமாகச் சொல்லாமல் விட்டோமோ, காற்றில் அண்ணனுக்குக் கேட்கவில்லையோ என்று பல நாள் தனக்குள்ளேயே வாதாடினான். ‘என்ர பொறுப்பு’ என்று பதில் சொன்னவனுக்கு எப்படிக் கேட்காமல் போயிருக்கும் என்ற இடத்துக்கு வந்து நிற்பான். பிறகு மறுபடி ஆரம்பிப்பான்.

அடுத்த பொங்கலுக்குத் திருமூர்த்தி ஊருக்கு வந்தான். எதுவுமே நடக்காதவன் மாதிரி நேராக லைன் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ராக்கம்மாள் கருப்பட்டிப் பணியாரம் வைத்தாள். தின்றுவிட்டு, “வா பாண்டி, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்” என்று அனுப்பர்பாளையம் ரோட்டுப் பக்கம் கூட்டிப்போனான். பாத்திரப் பட்டறைகளுக்கு விடுமுறை. தட்டுகிற சத்தம் இல்லாமல் ரோடே ஊமையாக இருந்தது.

“அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல கண்ணு” என்றான் திருமூர்த்தி. “என்ர மேல வந்திருந்தா மொத்தமா முடிச்சிருப்பாங்க. நீ சின்னவன், தாங்கிக்குவேன்னு நெனச்சேன்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது.

“இப்ப ஒரு சேதி. ரோபோவ மீட்கப் போறாங்க. வேற கம்பெனியோட ரோபோ ஒண்ண வாடகைக்கு எடுத்திருக்கறாங்க. ஆனா எங்க கெடக்குதுன்னு தெரியோணுமல்ல? கடைசியாக் கண்ணுல பாத்தவன் நீதான். நீ வந்து ஓட்டுனா கெடைக்கும். பொட்டியத் தொறந்து பாத்தா உம்மேல தப்பில்லேன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். எல்லாரு முன்னாடியும் நானே சொல்றேன், போதுமா?”

அவன் கண் கலங்கியிருந்தது. ஜெயபாண்டிக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு வருடமாக அதற்காகத்தான் காத்திருந்தான். போகிறேன் என்றான்.

பிப்ரவரியில் புறப்பட்டார்கள். ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்தில் ஒரு வேனைத் தேடுவது எப்படி என்று கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ரோபோ அறுந்து விழுந்தபோது கப்பல் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசியாகக் குறித்த இடத்துக்கும் உண்மையில் விழுந்த இடத்துக்கும் நடுவே எத்தனை தூரம் என்று யாருக்கும் தெரியாது. மேலே நீரோட்டம் வடக்கே இழுத்தால் அடியில் தெற்கே இழுத்தது. தரை முழுக்க மாவு மாதிரி சேறு. உந்தி கொஞ்சம் தாழ்ந்து சுழன்றாலே புகை மாதிரி கிளம்பித் திரையை மூடிவிடும். அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒலியலையில் ஏதோ தட்டுப்பட்டதென்று ஆசையாகப் போனால் ஒரு பாறைத் துண்டு கிடக்கும். இன்னொரு தடவை அறுந்த மீன்வலைக் குவியல், அதற்குள்ளே எலும்பாகிப்போன மீன்கள். நல்லவேளையாகக் கேபிள் அதில் மாட்டாமல் வெளியே வந்தான்.

மண் எடுத்த இடத்துக்கு மேற்கே தரை சரிந்து ஒரு நீளப் பள்ளம் போவதும், அதன் ஓரத்தில் எறும்புப் புற்று மாதிரி சின்னச் சின்ன மேடுகள் இருப்பதும் ஜெயபாண்டிக்கு ஞாபகம் இருந்தது. அந்த மேடுகளைத் தேடிப் பிடித்து, பள்ளத்தின் ஓரமாகவே மெல்ல ஓட்டிக்கொண்டு போனான். ஒரு நாள் மதியம், விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில் மங்கலாக ஒரு மஞ்சள் தெரிந்தது.

ஒரு பக்கம் சாய்ந்து, பாதி சேற்றில் புதைந்து கிடந்தது. மடங்கிய கைக்குக் கீழே நீளமான சாம்பல் மீன் ஒன்று குடிவந்திருந்தது. அறைக்குள் எல்லோரும் கைதட்டினார்கள். பின்னால் நின்ற திருமூர்த்தி அவன் தோளை இறுகப் பிடித்தான். இணைப்புப் பெட்டி இருந்த பக்கம் சேற்றுக்குள் இருந்ததால் எதுவும் தெரியவில்லை.

கம்பிக் கொக்கியை மாட்டவே மாலைவரை ஆனது. மறுநாள் காலை வின்ச் இழுத்தது. தொலைந்த ரோபோ தளத்தில் வந்து இறங்கியபோது ஜெயபாண்டி கன்டெய்னர் அறைக்குள்தான் இருந்தான். வாடகை ரோபோ இன்னும் கடலடியில் நின்றது. அதைப் பத்திரமாகக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவரும்வரை அவன் இருக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது. அவ்வளவு நேரமும் வெளியே போகத் துடித்துக்கொண்டிருந்தான்.

முடித்துவிட்டு ஓடினான். ரோபோவின் மேல் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவியிருந்தார்கள். பின்பக்கம் சுற்றி வந்தான். இணைப்புப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“பெட்டி எங்கீங்ணா?”

திருமூர்த்தி கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். “தூக்கறப்ப அலையில கப்பல் மேல மோதிருச்சு. அப்பக் கழண்டு விழுந்திருக்கும்.”

ஜெயபாண்டி ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். புரி ஒன்றுகூடச் சிதையவில்லை. “மோதுனா போல்ட் ஒடையுமுங்க. இது ஸ்பேனர் போட்டுக் கழட்டுனது.”

திருமூர்த்தி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். “சிங்கப்பூர் ஆபீஸ எனக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கறாங்க பாண்டி. இப்பப் போயி அதையெல்லாங் கௌறுனா என்னாகும்? நீ எனக்குத் தம்பி மாதிரி. அண்ணனுக்காக இது ஒண்ண உட்டுக்குடுக்க மாட்டியா?”

“நீங்க சொன்னதுக்காகத்தானுங்க நான் வந்தேன்.”

“வந்ததுக்கு உனக்கு நல்ல பேருதான? ரோபோவக் கண்டுபுடிச்சது பாண்டின்னு நானே எல்லாருகிட்டயும் சொல்றேன்.”

ஜெயபாண்டி கம்பித் தடுப்பருகே போய் நின்றான். அந்தப் பெட்டி ஒருவேளை இன்னும் அடியைத் தொட்டிருக்காது, கீழே போய்க்கொண்டேயிருக்கும் என்று தோன்றியது. போன வருடத்துச் சந்தேகமெல்லாம் அந்த இடத்தில் தீர்ந்தது. முதல் தடவை திருமூர்த்தி பயத்தில் பொய் சொன்னான் என்று மன்னிக்கலாம். இந்தத் தடவை தன்னை வீடு தேடி வந்து, பணியாரம் தின்று, கண் கலங்கிக் கூட்டிவந்ததே இதற்காகத்தான். சாட்சியை ஜெயபாண்டியின் கையாலேயே எடுத்துக்கொடுக்க வைத்துத் தூக்கிப் போட்டுவிட்டான்.

கப்பலில் இருந்த கம்பெனி அதிகாரியிடம் போய்ச் சொன்னான். அவர் ஓட்டைகளைப் பார்த்தார், திருமூர்த்தியையும் பார்த்தார். “பொருள் கிடைத்துவிட்டது, தம்பி. பழைய கதை இனி எதற்கு?” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஊருக்கு வந்து இறங்கிய அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். ராக்கம்மாள் இடையிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். தவசி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மொதத் தடவையே ஏன்டா சொல்லல?”

“நாம அவங்க ஊட்டுல இருக்கோம்ப்பா.”

மறுநாள் தவசி வேலைக்குப் போகவில்லை. அனுப்பர்பாளையத்தில் பட்டறைச் சந்தில் ஒரு வீடு பார்த்தார். அந்த வாரக் கடைசியில் சாமான்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிவிட்டு, சாவியை முத்தாத்தாள் கையில் கொடுத்தார். இருபது வருடத்துக்கும் மேலான பழக்கம். “எதுக்குங்க திடீர்னு?” என்று அந்தம்மா திரும்பத் திரும்பக் கேட்டும், “வேலைக்குப் பக்கமா இருக்குன்னுதாம்மா” என்பதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தாத்தாள் விசாரித்துக்கொண்டு தனியாக அந்தச் சந்துக்கு வந்தாள். ராக்கம்மாள் கடைக்குப் போயிருந்தாள். ஜெயபாண்டி மட்டும் இருந்தான். பாய் போட்டான்.

“எம் பையன் உனக்கு என்ன பண்ணிப்போட்டான் சாமி? உங்கொப்பன் சொல்ல மாட்டேங்கறாரு. நீ சொல்லு.”

“ஒண்ணுமில்லீங்கம்மா.”

“எனக்குப் பொய் சொல்லாத கண்ணு. ஒண்ணுமில்லாமயா ஊட்டக் காலி பண்ணுவாங்க?”

அவன் சொன்னான். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. சந்தில் யாரோ குடத்தை ஒடுக்கெடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நீதான் தப்புப் பண்ணிட்டேன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தான். நான் நம்பிப்போட்டேன். ‘பாவம், இருந்துட்டுப் போகட்டும்’னு உங்களையெல்லாம் நான் பெரிய மனசு பண்ணி வெச்சிருக்கறதா நெனச்சுட்டிருந்தேன் சாமி.” சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தான். குடிக்கவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஜெயபாண்டி வேலையில் இருக்கும்போது செல்போன் அடித்தது. சிங்கப்பூர் நம்பர். மெஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்து எடுத்தான்.

“ஏன்டா, எங்கம்மாகிட்ட எதுக்குடா சொன்ன?” என்றான் திருமூர்த்தி. “போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கறாங்க. அவங்ககிட்டப் போயிச் சொல்லலாமாடா? உன்னைய எப்படியெல்லாம் பாத்துக்கிட்டேன்!”

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். தனக்குச் செய்ததைப் பற்றி ஏதாவது வரும் என்று ஜெயபாண்டி கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தான். வரவில்லை. துண்டித்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஜெயபாண்டி இப்போது நிட்டிங் மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். 2008இல் சென்னையிலிருந்து வேறொரு கம்பெனிக்காரர்கள் போனில் அழைத்தார்கள். ஆழ்கடலில் ரோபோவைத் தேடி எடுத்த பைலட் நீங்கள்தானா, எங்களிடம் மூவாயிரம் மீட்டர் போகிற ரோபோ இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள். மூவாயிரம் என்றதும் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்ததை, ஒரு போர்டைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போயிருந்த நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த ரோபோவுக்கு எத்தனை உந்திகள், கேமரா எப்படி, கேபிள் என்ன வகை என்று ஆசை ஆசையாக விசாரித்தான். அரை மணி நேரம் பேசினான். கடைசியில் வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

“ஏப்பா, கடல் பயமா?” என்று கேட்டேன்.

“கடல் என்ன செய்யும்னு எனக்குத் தெரியுங்க” என்றான். “கப்பல்ல பக்கத்துல ஒரு ஆள் நிப்பான்ல, அவன நெனச்சாத்தான் தூக்கம் வராது.”

சொல்லிவிட்டு விளக்கை இழுத்து, வாயால் ஊதிக்கொண்டே ஒரு போர்டுக்கு ஈயம் வைக்க ஆரம்பித்தான்.